சொக் அப்சோபர் மாற்றியும் நிற்காத ‘டொக்’

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். வீடு புதுக்குடியிருப்பில். கார் ரொயோட்டா கொரொல்லா 121. ஏ35 வீதிக்கு ஏறுவதற்கு முன் இரண்டு கிலோமீற்றர் கிறவல் ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது இடப்பக்கப் பின்சில்லுப் பக்கமாக ‘டொக், டொக்’ என்று சத்தம். பரந்தனில் ஏ9க்கு ஏறினால் சத்தமே இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் இல்லை. கராச்சில் காட்டி இரண்டு பின் சொக் அப்சோபரையும் மாற்றியாயிற்று. மூன்று நாள் அமைதி, நாலாம் நாள் அதே ‘டொக்’. இப்போது கராச்சில் “பீம் புஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்கள் (பின்சில்லுகளை இணைக்கும் பீமைக் காரின் உடலோடு பிடிக்கும் றப்பர்தான் பீம் புஸ்). மாற்றுவதா, வேண்டாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பீம் புஸ்ஸோடு பொருந்தவில்லை. என் சந்தேகம் சொக்கின் மேல் முனையைக் காரின் உடலோடு பிடிக்கும் மேல் மவுண்டில்தான், அதிலும் அதன் நடு நட்டில். ஆனால் என் சந்தேகத்தை நம்பியும் எதையும் வாங்கிவிடாதீர்கள். ஸ்பனரைக் கையில் எடுக்கும் முன் அரை நாளை ஒதுக்கி அந்தச் சத்தத்தோடு இருங்கள். அது எப்போது வருகிறது, எப்போது வராமல் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடிந்தால், காரின் அடிப்பகுதியில் பாதியைக் கை வைக்காமலே கழித்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே எங்கள் பக்கம் ஓடுகிற கார்களில் பல, உங்களுடையதைப் போல, இருபது வயதை எட்டியவை அல்லது தாண்டியவை. அந்த வயதுக் காரைக் குழியின் மேல் நிறுத்தி ரோச் அடித்துப் பார்த்தால், விரல் நீட்டும் இடமெல்லாம் வெடித்த றப்பர்தான் தெரியும். “இந்தப் புஸ் போய்விட்டது” என்று யார் சொன்னாலும் அது பொய்யாக இருக்காது. ஆனால் தேய்ந்த ஒரு பாகத்தைக் கண்டுபிடிப்பது வேறு, சத்தம் போடும் பாகத்தைக் கண்டுபிடிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சொக், புஸ், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும், சத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு போக அறுவடைக் காசு முழுவதையும் இப்படி ஒரு காரின் அடியில் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் டிக்கியை முழுவதும் காலியாக்குங்கள். உதிரிச் சில்லு, ஜக், ஜக் கைபிடி, சில்லுத் திறப்பு, தண்ணீர்ப் போத்தல், கோயிலுக்கு வாங்கிய தேங்காய் எல்லாம் வெளியே வர வேண்டும். பின் சீற்றின் முதுகு கொளுக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். டிக்கி மூடியை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். மல்லாவியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த காரில் இரண்டு மாதமாகத் துரத்திய சத்தம், கடைசியில் டிக்கிப் பூட்டின் கொளுக்கி தளர்ந்து மூடி அடிபட்டதுதான். அதற்கு முன் அவர் பின்பக்கத்தில் மாற்றாத பாகம் இல்லை.

அடுத்து சில்லு நட்டுகள். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சொக் மாற்றியபோது சில்லு கழற்றியிருப்பார்கள். அதன் பிறகு எங்காவது பஞ்சர் ஒட்டியிருந்தால் அங்கேயும் கழற்றியிருப்பார்கள். தளர்ந்த நட்டு மெதுவான ஓட்டத்தில் ‘டக், டக்’ என்று சில்லின் சுற்றுக்கு ஒன்றாகச் சத்தம் தரும், வேகத்தில் அது காதுக்கு எட்டாமல் போகும். கேட்காததால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, சில்லு கழன்று போகிற பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். ரொயோட்டா கார்களுக்குச் சொல்லப்படும் அளவு 103 நியூட்டன் மீற்றர். ரோர்க் ரென்ச் உள்ள கராச்சில் ஒரு தடவை அந்த அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரி, சத்தம் இன்னும் இருக்கிறது என்றால் அடுத்தது ஓட்டிப் பார்ப்பது.

ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகைத் துண்டு இரண்டு எடுங்கள். மணல் முற்றத்தில் பலகை புதைந்துவிடும். சீமெந்துத் தரையோ, வாகனம் வராத கார்ப்பெற் வீதித் துண்டோ வேண்டும். முதலில் இடப்பக்கப் பின்சில்லு மட்டும் பலகையில் ஏறி இறங்கட்டும். பிறகு வலப்பக்கம் மட்டும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில். நடந்து போகிற வேகம் போதும். ஒரு பக்கச் சில்லு மட்டும் ஏறும்போது சத்தம் வந்து, இரண்டும் சேர்ந்து ஏறும்போது வராவிட்டால், பின்பக்கம் ஸ்ரபிலைசர் லிங் (கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்ரபிலைசர் கம்பியின் முனைகளைப் பிடிக்கும் சிறு இணைப்பு) உள்ள வாகனங்களில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக உயரும்போது ஸ்ரபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, லிங்குக்கு வேலையும் இல்லை. எப்படி ஏறினாலும் ஒரே பக்கத்தில் ‘டொக்’ வந்தால் அந்தப் பக்கத்துச் சொக், மவுண்ட், ஸ்பிரிங் என்று பார்வையைக் குறுக்கலாம்.

அதே பலகையில் ஹான்ட் பிரேக்கை ஒன்றிரண்டு சொடுக்கு மட்டும் இழுத்தபடி இன்னொரு தடவை ஏறுங்கள். ட்ரம் பிரேக் உள்ள காரில் ஹான்ட் பிரேக், ட்ரம்முக்குள் உரசிப் பிடிக்கும் சூக்களை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும். இழுத்ததும் சத்தம் நின்றுவிட்டால் நீங்கள் தேடுவது சஸ்பென்சனில் இல்லை, ட்ரம்முக்குள் இருக்கிறது. சூவைப் பிடிக்கும் சிறிய ஸ்பிரிங்கோ ஊசியோ விட்டுப்போயிருக்கலாம். இழுத்தபடி தூரம் ஓட வேண்டாம், சூடேறிவிடும். முன்னுக்கு ஓடி ஒரு பிரேக், பின்னுக்கு ஓடி ஒரு பிரேக் என்றும் பிடித்துப் பாருங்கள். திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் அதுவும் பெரும்பாலும் பிரேக்தான்.

பிறகு பின் சீற்றில் பெரியவர்கள் இரண்டு பேரை ஏற்றி அதே ஒழுங்கையில் போய்வாருங்கள். ஆள் ஏறினால் மட்டும் ‘தொம்’ என்று கனத்த சத்தம் வந்தால் ஸ்பிரிங் களைத்துப்போய், சொக்கின் கம்பியில் இருக்கும் பம்ப் ஸ்ரொப் என்ற றப்பர்த் தடுப்பில் கார் இருந்துவிடுகிறது. அந்த றப்பர் நொறுங்கி விழுந்திருந்தால் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தமே வரும்.

காதை நம்பாதீர்கள் என்று ஒன்று சொல்ல வேண்டும். காரின் பின்பக்கம் ஒரு தவில் மாதிரி. ஒரு மூலையில் தட்டியது மறு மூலையில் கேட்கும். இடப்பக்கம் என்று வந்த சத்தத்துக்கு வலப்பக்கத்தில் காரணம் கண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஆகவே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒரு துவாயில் சுற்றி, டிக்கிக்குள் இடப்பக்கச் சொக் முளைக்கிற இடத்தருகே வையுங்கள். ஒழுங்கையில் நூறு மீற்றர் ஓடுங்கள். பிறகு வலப்பக்கத்தில் வைத்து அதே நூறு மீற்றர், அதே வேகம். இரண்டையும் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும். தயவு செய்து யாரையும் டிக்கிக்குள் படுக்கவைத்து ஓட்டாதீர்கள். பெடியள் விளையாட்டாகச் செய்வார்கள். மூடிய டிக்கிக்குள் புழுதி மட்டுமல்ல, சைலன்சர் புகையும் ஏறும். அது ஆளைக் கொல்லும்.

இனி மேல் மவுண்டுக்கு வருகிறேன். உங்கள் விடை இங்கேதான் இருக்கும் என்று நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

121இன் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனியாக இல்லை. சொக்கைச் சுற்றியே ஸ்பிரிங், இரண்டும் ஒரே கட்டு. அந்தக் கட்டின் மேல் முனையில் றப்பரோடு கூடிய மவுண்ட் உட்கார்ந்து காரின் உடலோடு பிடித்திருக்கும். சொக்கின் கம்பி இந்த மவுண்டின் நடுவால் மேலே வந்து ஒரு நட்டில் முடியும். சொக் மாற்றுவது என்றால் கட்டை முழுதாகக் கீழே இறக்கி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து, அந்த நடு நட்டைக் கழற்றி, பழைய சொக்கை உருவி, புதியதைச் செருகித் திரும்ப மூட வேண்டும். பெரும்பாலான கராச்சுகளில் சொக்தான் புதிது, மவுண்ட் பழையதுதான். வாடிக்கையாளர் சொக்குக்கு மட்டும் காசு கொடுத்திருப்பார், கடையிலும் சொக் மட்டுமே இருந்திருக்கும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பிழை நடக்கிற இடங்கள் சில உண்டு. நடு நட்டை ஏர் கன்னால் இறுக்கினால் சொக்கின் கம்பியும் நட்டோடு சேர்ந்து சுற்றும். கன் ‘கடகட’ என்று அடிக்கும், நட்டு இறுகியது போல இருக்கும், உள்ளே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்சியிருக்கும். கம்பியின் தலையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு கையால் இறுக்கினால்தான் அது உண்மையில் உட்காரும். இரண்டாவது, பழைய சொக்கிலிருந்து எடுத்து வைத்த வாசரோ சிறிய குழாய்த் துண்டோ திரும்பப் போடப்படாமல் விட்டுப்போவது, அல்லது தலைகீழாகப் போடப்படுவது. மூன்றாவது, பழைய மவுண்டின் றப்பர் துளை நீள்வட்டமாக அகன்றிருப்பது. நாலாவது, ஸ்பிரிங்கின் வால் முனை அதற்கென்று இருக்கும் படியில் சரியாக உட்காராமல் இருப்பது. முதல் சில நாள் அது தள்ளி நின்று, பிறகு ‘டங்’ என்று இடம் மாறும்.

ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில்லு மேலே போகும்போது கம்பி மேலே தள்ளும், கீழே இறங்கும்போது கம்பி நட்டைக் கீழே இழுக்கும். திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மில்லிமீற்றரைக் கடந்து போய் ஒரு தட்டு. அலை அலையாக நெளிந்து கிடக்கும் கிறவல் ஒழுங்கையில் திசை மாற்றம் நொடிக்குப் பல தடவை. கார்ப்பெற் வீதியில் சில்லு கிட்டத்தட்ட அசைவதே இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது இந்த இடத்துக்குப் பெரிய வேலை இல்லை. நீங்கள் எழுதியது எல்லாம் இதோடு பொருந்துகிறது. மூன்று நாள் அமைதியும் பொருந்துகிறது. புதிதாக இறுக்கிய கட்டில் றப்பர் அமுங்கி உட்கார நேரம் எடுக்கும், உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் தலைகாட்டும். இன்னொன்றும் உண்டு. செத்துப்போன பழைய சொக்கை விடப் புதிய சொக் கம்பியை வலுவாக இழுத்துத் தள்ளும். பழையது மறைத்து வைத்திருந்த ஆட்டத்தைப் புதியது வெளியே கொண்டுவரும். “புதுச் சாமான் போட்டதும் சத்தம் கூடிவிட்டது” என்று சொல்பவர்கள் எல்லாரும் கற்பனை செய்வதில்லை.

பார்ப்பது சுலபம். கார் நான்கு சில்லிலும் தரையில் நிற்கட்டும். டிக்கியின் உட்பக்க உறையை விலக்குங்கள். தேவையானால் பின் சீற்றின் முதுகையும் கழற்றுங்கள். மேல் மவுண்டும் நட்டும் தெரியும் வரை போனால் போதும். நட்டின் மேல் இரண்டு விரல் நுனிகளை வையுங்கள், ஒரு விரல் நட்டிலும் ஒரு விரல் உடல் தகட்டிலும் படட்டும். இன்னொருவர் அந்த மூலையை அழுத்தி அழுத்தி விடட்டும். ஆட்டம் இருந்தால் காதுக்கு முன் விரலுக்குத் தெரியும். சின்னத் துடிப்பு மாதிரி ஒரு தட்டு. இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஆட்டம் தெரிந்தால், கார் தரையில் நிற்கும்போதே கம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கச் சொல்லுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று ஏறினாலே போதும். பிறகு நேராக உங்கள் ஒழுங்கைக்குப் போங்கள். சத்தம் நின்றால் அதோடு முடிந்தது. நட்டு இனி ஏறாது என்று நின்ற பிறகும் ஆட்டம் இருந்தால், வாசரோ குழாய்த் துண்டோ இல்லை அல்லது மவுண்ட் றப்பர் முடிந்துவிட்டது. அப்போது கட்டை இறக்கத்தான் வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இறுக்குவதோடு நிறுத்துங்கள். அந்த நடு நட்டைத் தளர்த்திப் பார்க்க நினைக்காதீர்கள். அதற்குக் கீழே அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் கொம்பிறசர் போடாமல் அந்த நட்டைக் கழற்றியவர்களின் கை, முகம் என்ன ஆனது என்று வேலை பழகிய காலத்திலேயே பார்த்தவன் நான்.

மேலே ஒன்றும் இல்லையென்றால் கீழே வாருங்கள். சொக்கின் கீழ்க் கண்ணைப் பீமோடு பிடிக்கும் போல்ற். காரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்குகிறபோதே இந்தப் போல்ற்றை இறுக்கிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிற தவறு. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் கண்ணுக்குள் இருக்கும் றப்பர் முறுகிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். திருத்துவதற்கு ஒரு சதமும் வேண்டாம். குழியின் மேல் காரை நிறுத்தி, நான்கு சில்லும் தரையில் இருக்கும்போது போல்ற்றைத் தளர்த்தி, மூலையை நாலு தடவை அழுத்திவிட்டு, திரும்ப இறுக்க வேண்டும்.

அப்படியே ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் துடைத்துப் பாருங்கள். சேறு தங்குகிற அந்தக் கீழ்க் கிண்ணத்தில்தான் துரு பிடித்து ஸ்பிரிங் முறியும். முறிந்த துண்டு கிண்ணத்திலேயே உட்கார்ந்திருப்பதால் பலர் கவனிப்பதில்லை. முல்லைத்தீவுக் கரையோரம் ஓடும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் நாடாவால் அளந்தால், ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கிற பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

சரி, கராச்சில் சொன்ன பீம் புஸ். 121இல் இரண்டு பின்சில்லையும் இணைத்து ஒரு முறுக்குப் பீம் போகிறது. அதன் முன் முனைகள் இரண்டும் பெரிய றப்பர் புஸ்களால் உடலோடு பிடிக்கப்பட்டிருக்கின்றன. புஸ்ஸில் றப்பர் உள் இரும்பிலிருந்து விட்டுப்போனால் அதன் குணம் வேறு. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ‘தொம்’ என்று ஒற்றைத் தட்டு. ஒரு சில்லு ஆழமான குழியில் விழும்போது பின்பக்கம் பக்கவாட்டில் இழுபடுவது போல ஓர் உணர்வு. ஓட்டும்போது ஸ்ரியரிங் திருப்பாமலே பின்பக்கம் தன் பாட்டில் திரும்புவது போல இருக்கும். பின் ரயர் ஒரு பக்கமாகத் தேயும். இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

இதைப் பார்க்கவும் காரின் அடியில் போகத் தேவையில்லை. சமதரையில், இயந்திரத்தை நிறுத்தி, கியரை நியூட்றலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். இரண்டு பேர் காரை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சில்லுக்கும் மட்கார்ட் விளிம்புக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். சில்லு பிரேக்கில் நிற்கிறது, உடல் மட்டும் நகர முயல்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் புஸ்தான். இலேசாக நெகிழ்ந்து திரும்பினால் பரவாயில்லை. தட்டுகிற உணர்வோடு தெளிவாக முன்பின் போனால் புஸ் போயிருக்கிறது. றப்பரின் மேற்பரப்பில் மயிர்க்கோடு போல வெடிப்புகள் தெரிவது இந்த வயதுக் காரில் சாதாரணம். அதைக் காட்டி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், பீமை இறக்குவது சின்ன வேலை இல்லை. பிரேக் குழாய்கள் கழற்ற வேண்டும், ஹான்ட் பிரேக் கேபிள் கழற்ற வேண்டும். துருப்பிடித்த பழைய குழாயின் முனை நட்டு அப்படியே முறிந்து கையோடு வரும். பிறகு பிரேக் எண்ணெய் விட்டுக் காற்று எடுக்க வேண்டும். புஸ்ஸை அழுத்திப் போடுவதற்குச் சரியான பிறெஸ் வேண்டும், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்ற குறியும் உண்டு. சுத்தியலால் அடித்து இறக்கிய புஸ் நீண்ட நாள் இருக்காது. புஸ்தான் என்று உறுதியானால் தயங்காமல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கடைசி இறுக்கு மட்டும் கார் தரையில் நிற்கும்போதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சைலன்சரைத் தாங்கும் றப்பர் வளையம் அறுந்தால் பீமிலோ அடித்தளத்திலோ குழாய் முட்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது குழாயைக் கையால் ஆட்டினால் எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். ‘கலகல’ என்ற தகரச் சத்தம் வெப்பத் தகடு. பெற்றோல் தாங்கியின் பட்டி தளர்ந்திருந்தால், தாங்கி நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் சத்தம் மாறும். பெயறிங் பொதுவாக ‘ம்ம்ம்’ என்று முனகும், ‘டொக்’ என்று தட்டாது.

அடியில் போவதென்றால் இரண்டு விஷயம். எங்கள் மண்ணில் ஜக் புதையும், மழைக்குப் பிறகு இன்னும் மோசம். அடியில் ஓர் அகலப் பலகை போடுங்கள், தூக்கிய பிறகு ஜக் ஸ்ராண்டில் இறக்குங்கள், ஜக்கை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். ஹான்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை. பின்பக்கத்தைத் தூக்கியதும் காரைப் பிடித்து நிறுத்த ஹான்ட் பிரேக் இல்லை. முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் அல்லது கட்டை வைத்த பிறகே தூக்க வேண்டும்.

ஹையேஸ், ஹைலக்ஸ், பட்டா (ரற்றா ஏஸ் சிறு லொறி) வைத்திருப்பவர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பின்பக்கம் வேறு, அது பெரும்பாலும் தகட்டு ஸ்பிரிங். முதலில் ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ற்றுகளைப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றி இறக்கும் வண்டியில் அவை தளரும், தளர்ந்தால் தகடுகளை ஒன்றாகப் பிடிக்கும் நடுப் போல்ற் முறியும், பிறகு அக்சிலே இடம் நகரும். பெரும்போக அறுவடை தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது நல்லது. அடுத்தது தகட்டு ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் சக்கிளின் புஸ். கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். தகடுகளுக்கு நடுவில் செந்நிறத் தூள் கோடு மாதிரி வழிந்திருந்தால் அந்த இடத்தில் தகடு வெடித்திருக்கலாம். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் ‘கடக்’ என்றால் ஸ்பிரிங்கை விடுங்கள், கியர்ப் பெட்டியிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் சாப்ற்றின் ஜொயின்றைப் பாருங்கள்.

நான் வேலை பழகிய தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் கிடைக்காது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும்தான். அவற்றின் பின்பக்கமும் தகட்டு ஸ்பிரிங்தான். புதிய புஸ் என்ற பேச்சே இல்லை. பழைய லொறி ரயரை வெட்டிக் கடைந்துதான் போடுவோம். ஒரு புஸ் செய்ய ஒரு பகல் போகும். அதனால் எந்தப் புஸ் என்று உறுதியாகத் தெரியாமல் எனக்கு வேலை பழக்கியவர் கத்தியையே எடுக்க மாட்டார். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பாகத்தில் வைத்து மறு முனையைக் காதோடு சேர்த்து, நாங்கள் வண்டியை ஆட்ட ஆட்டக் கேட்டுக்கொண்டே இருப்பார். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி போடுவார். அந்தக் கம்பி முறை இன்றைக்கும் நின்ற காரில் நன்றாகவே வேலை செய்கிறது.

மவுண்ட் வாங்க வேண்டி வந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளிலிருந்து வரும் பாவித்த மவுண்ட் வேண்டாம். பாவித்த கதவோ விளக்கோ வாங்கலாம், றப்பர் அப்படியல்ல. பாவிக்காமல் கிடந்தாலும் றப்பர் முதுமையடையும், அதுவும் உங்களுடைய வயதுக் காரிலிருந்துதான் கழன்று வந்திருக்கும். புதிய மவுண்ட் இரண்டு வாங்குங்கள், சேஸி இலக்கத்தைக் கொடுத்து வாங்குங்கள். 121 என்று சொன்னால் செடானுக்கும் வாகனுக்கும் மாறிவிடலாம். பழையதைக் கழற்றியதும் வாசர், குழாய்த் துண்டு, றப்பர் என்று வந்த வரிசையிலேயே ஒரு பலகையில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கராச்சுக்குப் போகும்போது “பின்னால் சத்தம், பாருங்கள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். திருத்துபவரையே பின் சீற்றில் ஏற்றி உங்கள் ஒழுங்கை மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கிளிநொச்சி நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது. கேட்காத சத்தத்துக்கு அவர் ஊகித்துத்தான் சாமான் மாற்ற முடியும். உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும், அது உட்கார்ந்திருக்கும் தகட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இரண்டு கிழமை அந்த ஒழுங்கையில் ஓடிவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. விலகியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், இரண்டு பக்கத்து ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.